மாமியார் கணக்கில் வராது

"மாமியார்லாம் கணக்குல வராதும்மா" என்பதை வசந்தகுமாரி ஐந்து மாதத்தில் எத்தனை வாசலில் சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. திருமுல்லைவாயில், அண்ணனூர், நூம்பல் என்று மூன்று ஏரியாவில் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கியிருந்தாள். ஒரு வீட்டில் நாய் வரவேற்கும். ஒரு வீட்டில் கதவுச் சங்கிலியை எடுக்காமலே இடுக்கு வழியாகப் பதில் வரும். இன்னொரு வீட்டில் தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று பாதிக் கேள்வியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். எந்த வீடானாலும் புற்றுநோய் என்று அவள் வாயெடுத்ததும் ஒன்றுதான் நடக்கும். முகம் சுருங்கும். "அதெல்லாம் எங்க வீட்ல இல்லீங்க" என்று, ஏதோ திருட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டதுபோலப் பதில் வரும்.

வேலை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். ரத்த உறவில் இருந்தது என்று பதில் வந்த பெண்களை முதலில் பரிசோதனை முகாமுக்குக் கூப்பிடுவார்கள். மற்றவர்களுக்கு முறை வரும்போது வரும். ஆகையால் டேப்லெட் திரையில் அவள் விரல் ‘ஆம்’ என்பதைத் தொடுகிறதா, ‘இல்லை’ என்பதைத் தொடுகிறதா என்பதில் ஒரு பெண்ணின் ஒரு வருஷம் இருந்தது. பயிற்சியில் இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். பயிற்சியில் சொல்வதெல்லாம் வெயிலில் நடக்கும்போது ஞாபகம் இருக்குமா என்ன?

அந்தப் பயிற்சி அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அவரவர் வீட்டு விவரத்தையே ஒத்திகையாக எழுதிப் பாருங்கள் என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். வசந்தகுமாரி முந்திக்கொண்டு எழுந்து, தன் மாமியாருக்கு மார்பில் இருந்தது, ஆறு வருஷத்துக்கு முன்னால் தவறிப்போனார் என்று சொன்னாள். அவர் சிரித்தார். "மாமியார் உங்க ரத்தமா மேடம்?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன் யாருமே கணக்கில் வரமாட்டார்கள், அடித்துவிடுங்கள் என்றார். வசந்தகுமாரி அடித்தாள். நாகம்மாவோடு ஒரே வீட்டில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள், கடைசி எட்டு மாதம் அந்தப் புண்ணைத் துடைத்து மருந்து வைத்துக் கட்டியவள், ஒரே கோட்டில் நாகம்மாவை அடித்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட வாக்கியம்தான் அது. வாய்க்கு வசதியான வாக்கியம். ஒரே மூச்சில் "அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்க, பெரியப்பா, சித்தி யாருக்கும் கேன்சர் இல்லல்ல?" என்று கேட்பாள். கேள்வியிலேயே பதில் இருக்கும். யாராவது தயங்கி மாமியார் என்று ஆரம்பித்தால் அந்த வாக்கியத்தைப் போட்டு மூடிவிடுவாள். ‘தெரியாது’ என்றும் ஒரு பதில் திரையில் இருந்தது. ஆனால் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் அதைத் தொட்டால் மேற்பார்வை பார்க்கும் திருமுருகனிடமிருந்து போன் வரும். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசுவான். "என்னக்கா, ‘தெரியாது’ ரொம்ப வருதே, சரியா கேக்கறீங்களா?" என்பான். அதற்குப் பயந்து வசந்தகுமாரி தெரியாததையெல்லாம் இல்லை என்றே எழுதினாள். வெயிலில் டேப்லெட் திரை கண்ணுக்குத் தெரியாது என்பதால் முதலில் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு நிழல் பார்த்து உட்கார்ந்து ஏற்றுவாள். கணக்கில் வராதவர்களை நோட்டில் ஒரு கோடு போட்டு அடித்துவிடுவாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு இரண்டாம் மாடி வீட்டில் ஷர்மிளா கதவைத் திறந்தாள். முப்பத்தாறு வயது. புருஷன் கோவிந்தராஜுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயிருந்தன. மற்றவர்களைப் போல விரட்டாமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மின்விசிறியையும் போட்டாள். இப்படிப்பட்ட வீடு வாரத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்.

குடும்பக் கேள்வி வந்ததும் ஷர்மிளா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "எங்க மாமியாருக்கு மார்புல..." என்று ஆரம்பித்தாள். வசந்தகுமாரி வாக்கியத்தைப் போட்டாள். "அப்ப எனக்கு ஒண்ணும் வராதாக்கா?" என்று ஷர்மிளா கேட்டாள். படிவத்தில் இல்லாத கேள்வி. பதில் சொல்ல வசந்தகுமாரிக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"மாமியாருக்கு வந்தா உனக்கு எப்டிமா வரும்? நீ இன்னா அவங்க வயித்துலயா பொறந்தே?" என்றாள்.

ஷர்மிளா சிரித்தாள். பெரிய பாரம் இறங்கியவள்போல எழுந்து போய், இஞ்சி தட்டிப் போட்ட மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மோரைக் குடித்துவிட்டு வசந்தகுமாரி மற்ற கேள்விகளைக் கேட்டாள். சமையல் எதில், கழிப்பறை தனியா, கொசுவலை உண்டா. கடைசிக்குச் சற்று முன்னால், சொந்தத்தில் திருமணமா என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றாள் ஷர்மிளா. வசந்தகுமாரி ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டாள். மாமியார் பத்தாம் வரியில் அடிபட்டுக் கிடந்தார். சொந்தம் நாற்பதாம் வரியில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வசந்தகுமாரிக்கும் தோன்றவில்லை, டேப்லெட்டுக்கும் தோன்றவில்லை.

ஜூலையில் மறுசோதனை வந்தது. பத்து வீட்டுக்கு ஒரு வீடு மறுபடி போய், பழைய பதிலைச் சரிபார்க்க வேண்டும். வேறு ஆள்தான் போக வேண்டும் என்பது விதி. வேறு ஆள் இல்லை. எனவே வசந்தகுமாரி போட்ட கணக்கை வசந்தகுமாரியே திருத்திக்கொள்ளும்படி அழகான ஏற்பாடு செய்திருந்தார்கள். பட்டியலில் ஷர்மிளாவின் வீட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மோர் ஞாபகம் வந்தது.

கதவைத் திறந்தது கோவிந்தராஜ். வேலை நாளில் கைலியோடு நின்றார். கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு, கேன்சர் கணக்கு எடுக்க வந்தது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றதும் கதவை அகலத் திறந்து, நகர்ந்து நின்றார். உள்ளே கட்டிலில் ஷர்மிளா சாய்ந்திருந்தாள். தலையைச் சுற்றிப் பருத்தித் துணி கட்டியிருந்தாள். புருவம் இல்லை. வசந்தகுமாரிக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த முகத்தை அவள் தன் வீட்டிலேயே எட்டு மாதம் பார்த்திருக்கிறாள்.

கோவிந்தராஜ் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. பிப்ரவரியிலேயே ஒரு கட்டி அவளுக்குத் தட்டுப்பட்டிருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவது என்று இருந்திருக்கிறாள், செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்தீர்கள் என்றார். புதன்கிழமை அவள் போகவில்லை. மே மாதம் கையைத் தூக்க முடியாமல் போனபிறகுதான் தன்னிடமே சொன்னாள் என்றார்.

"மாமியாருக்குன்னுதான் சார் சொன்னாங்க. ரத்த சொந்தம்னா மட்டுந்தான்..."

"எங்க அம்மா, இவ அப்பாவோட கூடப்பொறந்த அக்காங்க" என்றார் கோவிந்தராஜ். "அந்த வீட்டு ரத்தம்தான் இவ."

வசந்தகுமாரி டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். "படிவத்துல அப்டித்தான் சார் கீது" என்பதுதான் வாயில் வந்தது. சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஷர்மிளா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மாடி திரும்பும்போதே வசந்தகுமாரிக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

திருமுல்லைவாயிலிலிருந்து அவள் வீடு இருக்கும் அண்ணனூர் அடுத்த ஸ்டேஷன்தான். அன்றைக்கு அவள் இறங்க மறந்து ஆவடிவரை போய்த் திரும்பி வந்தாள். வீட்டில் புருஷன் தங்கராஜ், ரயில்வே கார் ஷெட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முகம் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டான். வெயில் என்றாள். பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து பார்த்த முகம் என்பதால் அவள் பொய் சொன்னால் சாதாரணமாகக் கண்டுபிடித்துவிடுவான். அன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை. மகள் நிவேதிதா கல்லூரியிலிருந்து வருவதற்குள் வசந்தகுமாரி நோட்டை எடுத்து உட்கார்ந்தாள்.

அடித்தது படிக்கத் தெரிந்தது. அதுதான் பேனாவில் எழுதியதன் புண்ணியம். ‘மாமியார், மார்பு.’ ‘நாத்தனார், கர்ப்பப்பை.’ ‘மாமனார், குடல்.’ புரட்டப் புரட்ட வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே இறங்கி, சொந்தத்தில் திருமணமா என்ற வரியைப் பார்த்தாள். ‘ஆம்’ என்று இருந்தால் பெயரைத் தனித்தாளில் எழுதினாள். அத்தை மகனைக் கட்டியவர்கள், மாமன் மகனைக் கட்டியவர்கள். இந்தப் பக்கத்தில் இது என்ன புதுசா, நாலு தெரு போனால் ஒரு கல்யாணம் இப்படித்தான் இருக்கும். பதினான்கு பெயர் தேறின. பதினான்கு பெண்களிடமும் உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் அம்பத்தூர் அலுவலகத்தில் திருமுருகன் தாளை வாங்கிப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தான். ஆனால் முதல் சுற்றுப் பதில்கள் எல்லாம் மேலே போய்ப் பூட்டியாகிவிட்டது, இனி யாராலும் திறக்க முடியாது என்றான். அந்த அம்மா எழுத்தில் ஏதாவது புகார் கொடுத்தார்களா என்று கேட்டான். இல்லை என்றதும் அவன் தோள் தளர்ந்தது. "அறுநூத்துல பதினாலுக்கா. அந்தளவு தப்பு எல்லா சர்வேலயும் இருக்கும், ரிப்போர்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க வீடு வீடாப் போய் பீதி கிளப்பாதீங்க" என்றான்.

ரிப்போர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது உண்மைதான். இரண்டு நாள் வசந்தகுமாரி அந்த உண்மையை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். மறுசோதனை வீடுகளுக்குப் போனாள், கேட்டாள், எழுதினாள். பெரியப்பா, சித்தி என்று வரும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில், கோவிந்தராஜ் வேலைக்குக் கிளம்பியிருக்கும் நேரம் பார்த்து இரண்டாம் மாடி ஏறினாள். அவர் எதிரில் நிற்கத் தைரியம் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஷர்மிளாவே கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். வசந்தகுமாரி நின்றபடியே சொன்னாள்.

"அன்னிக்கு படிவத்து மேல பழியப் போட்டுட்டுப் போய்ட்டேம்மா. படிவத்துல அப்பா கூடப்பொறந்தவங்க, அம்மா கூடப்பொறந்தவங்கன்னு ஒண்ணொண்ணா கேக்கச் சொல்லித்தான் கீது. நாந்தான் கேக்கல. அவசரத்துல வாய்க்கு வந்தத கேட்டேன். உனக்கு வராதுன்னு எங்கியும் எழுதல. அதுவும் நானா சொன்னதுதான்."

ஷர்மிளா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே ஆவடி வண்டி போகும் சத்தம் வந்து அடங்கியது.

"கட்டி இருக்கான்னு நீங்க கேட்டப்பவும் நான் சொல்லலக்கா" என்றாள். "மாமியாரு, மாமியாருன்னு சுத்தி வளச்சேன். வராதுன்னு யாராவது ஒருத்தங்க சொல்லிட மாட்டாங்களான்னு இருந்துச்சு. நீங்க வந்து சொல்லிட்டீங்க. கட்டின்னு ஒண்ணு வந்தா, சொந்தத்துல யாருக்காவது இருந்தாலும் இல்லாட்டியும் காட்டியிருக்கணும்னு டாக்டரம்மா திட்டுனாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அதுக்காக உங்க மேல கோவம் இல்லன்னு நெனச்சுக்காதீங்க. இருக்கு."

இருக்கட்டும் என்றாள் வசந்தகுமாரி. அதைக் கேட்டபிறகுதான் அவளால் உட்கார முடிந்தது.

பையிலிருந்து பதினான்கு பெயர் எழுதிய தாளை எடுத்துக் காட்டினாள். அலுவலகத்தில் போகக்கூடாது என்கிறார்கள், வேலை போனாலும் போகட்டும், இவர்கள் எல்லோரையும் மறுபடி பார்த்துச் சொல்லப் போகிறேன், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை என்றாள். ஷர்மிளா யோசித்தாள். கணக்கெடுக்க வந்தேன் என்று சொன்னால் மறுபடி கதவைச் சாத்துவார்கள், முன்னால் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அதை முதலில் சொல்லுங்கள், தப்பு என்றால் நின்று கேட்பார்கள் என்றாள். பிறகு, எப்படித்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள் பார்ப்போம் என்று நோட்டைக் கேட்டாள்.

வசந்தகுமாரி கொடுத்தாள். ஷர்மிளா தன் வீட்டுப் பக்கத்தைத் தேடுவாள் என்று நினைத்தாள். ஷர்மிளா முதல் பக்கத்தையே திறந்தாள்.

"இது யாரு வீடு?"

"எங்க ஊடுதாம்மா. ட்ரெய்னிங்ல சும்மா எழுதிப் பாத்தது. அது பட்டியல்ல வராது."

"நாகம்மா, மார்பு, வயசு அறுவதுன்னு எழுதி அடிச்சிருக்கு."

"எங்க மாமியாரு" என்றாள் வசந்தகுமாரி. அவளையறியாமல் அடுத்த வார்த்தையும் வந்துவிட்டது. "கணக்குல வராது."

ஷர்மிளா பக்கத்தைத் திருப்பவில்லை. விரலை அந்தக் கோட்டின் மேலேயே வைத்திருந்தாள். நகம் கறுத்துப்போன விரல்.

"கல்யாணத்துக்கு முன்னால அவங்க உங்களுக்கு என்ன வேணும்க்கா?"

அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் வசந்தகுமாரி கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். பதில் அவளுக்கு நாலு வயதிலிருந்தே தெரியும். கோடை லீவுக்கு அண்ணனூர் வந்தால் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிற கை. அவள் அப்பாவுக்கு இருப்பதுபோலவே வலது புருவத்துக்கு மேல் மச்சம். ரெண்டு பேரும் ஒரே அச்சு என்று ஊரே சொல்லும். அந்தக் கையைத்தான் கடைசியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே உங்க ரத்தமா மேடம் என்று கேட்டபோது, இவளும் சிரித்துக்கொண்டே அடித்தாள். பதினான்கு பெயரை உட்கார்ந்து பொறுக்கி எழுதியபோதும் முதல் பக்கத்தைத் தாண்டித்தான் ஆரம்பித்திருக்கிறாள்.

"எங்க அப்பாவோட அக்கா" என்றாள்.

"பொண்ணு இருக்குதான?"

"இருவத்திரண்டு வயசு."

நிவேதிதாவுக்கு அப்பா வழியிலும் நாகம்மா, அம்மா வழியிலும் அதே நாகம்மா வீடு என்பதை வசந்தகுமாரிக்கு இனி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பயம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. இத்தனை நாள் இருந்தது வெட்கம். இது வேறு.

ஷர்மிளா பேனாவை வாங்கி, பதினான்கு பெயருக்குக் கீழே வசந்தகுமாரி என்று எழுதினாள். நோட்டின் அட்டையில் ஒட்டியிருந்த கேள்வித்தாளைப் பார்த்து, பிப்ரவரியில் வசந்தகுமாரி கேட்ட அதே வரிசையில், ஆனால் அவசரமில்லாமல் படித்தாள். வயது. மாதவிலக்கு நின்றுவிட்டதா. அப்பா கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது. ‘ஆம்’ என்று எழுதினாள். அடுத்த கேள்விக்கு வந்ததும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மார்புல கட்டி, வீக்கம் ஏதாவது தட்டுப்படுதா?"

இல்லை என்று சொல்ல வசந்தகுமாரி வாய் திறந்தாள். பழகிய வாய். அவள் ஒருநாளும் தொட்டுப் பார்த்தது கிடையாது. அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு குளிக்கும்போதுகூட அந்தப் பக்கம் கை அழுந்தாமல் பார்த்துக்கொள்வாள். அது ஏன் என்று தன்னையே கேட்டதில்லை.

"தெரியாதும்மா" என்றாள்.

ஷர்மிளா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.